ஃபிளாஷ் ஏன் அடிக்கவில்லை? ஸ்டுடியோ லைட்டுக்கும் டிஜிட்டல் கேமராவுக்கும் நடுவே நடப்பது

நண்பர் ஒருவர் சிறு நகரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பிலிம் காலத்தில் வாங்கிய இரண்டு ஸ்டுடியோ லைட், ஒரு வெள்ளைக் குடை, ஒரு நீலத் திரை. பாஸ்போர்ட் படத்திலிருந்து அறுபதாம் கல்யாணக் குடும்பப் படம்வரை எல்லாம் அந்த இரண்டு லைட்டில்தான். முதல் டிஜிட்டல் கேமரா வந்த அன்று, கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவில் ஓர் அடாப்டரை மாட்டி, கேமராவையும் லைட்டையும் இணைக்கும் அதே பழைய சிங்க் வயரைச் செருகிக் கிளிக் செய்தார். பளிச்சென்று அடித்தது. அடுத்த கிளிக்கில் அடிக்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. வயரைப் பிடுங்கி மறுபடி செருகினால் ஒரே ஒருமுறை அடிக்கும், அப்புறம் மௌனம். வயரை மாற்றினார். லைட்டை மாற்றினார். கேமராவை சர்வீஸுக்கு அனுப்பினார். குறை ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தது. பழைய பிலிம் கேமராவில் அதே வயரைச் செருகினால் எத்தனை தடவை கிளிக் செய்தாலும் அடித்தது.

வயரும் நல்ல வயர், லைட்டும் நல்ல லைட், கேமராவும் நல்ல கேமரா. சேர்ந்தால் மட்டும் வேலை செய்யவில்லை. இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால், இன்று ஸ்டுடியோவில் வரும் ஃபிளாஷ் தொல்லைகளில் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும்.

லைட்டுக்குள் இருப்பதைப் பார்ப்போம். பெரிய கெப்பாசிட்டர் ஒன்று சில நூறு வோல்ட்டுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அதன் இரு முனைகளும் செனான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயோடு இணைந்தே இருக்கின்றன. ஆனாலும் வாயு மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஒன்றும் நடக்காது. குழாயைச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியில் சில ஆயிரம் வோல்ட் துடிப்பு ஒன்று பாய்ந்தால் வாயு அயனியாகிறது, வழி திறக்கிறது, சேர்த்து வைத்த மின்சாரம் முழுக்க ஒளியாக வெடிக்கிறது. அந்தத் துடிப்பைக் கிளப்புவது தனியாக ஒரு சின்னக் கெப்பாசிட்டர். அதன் இரு முனைகளையும் ஒரு கணம் ஒன்றாகச் சேர்த்தால் போதும். கேமராவிடம் லைட் கேட்பது இவ்வளவுதான்: 'சரியான நேரத்தில் இரண்டு கம்பியை ஒட்டிவிடு.' கேமராவிலிருந்து லைட்டுக்கு எந்த மின்சாரமும் போகத் தேவையில்லை. கேமரா வெறும் சுவிட்ச்.

பிலிம் கேமராவில் அது நிஜமாகவே சுவிட்ச்தான். ஷட்டர் முழுதாகத் திறந்ததும் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும், ஷட்டர் மூடியதும் விலகிவிடும். கேமராவில் சிங்க் வயரைச் செருகும் சிறு வட்டத் துளைக்கு பிசி சாக்கெட் என்று பெயர். கணினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புரோண்டார், காம்பூர் என்ற இரண்டு ஜெர்மானிய ஷட்டர்களின் முதலெழுத்துகள் அவை. எலக்ட்ரானிக் ஃபிளாஷுக்கான இணைப்பை எக்ஸ் சிங்க் என்பார்கள்; அதில் உள்ள எக்ஸ், செனானின் ஆங்கில எழுத்துக் கூட்டலில் முதலில் வருவது.

டிஜிட்டல் கேமராக்களில் உலோகத் தகடு போய் அதன் இடத்தில் செமிகண்டக்டர் சுவிட்ச் வந்தது, பலவற்றில் தைரிஸ்டர் என்ற வகை. தேய்மானம் இல்லை, நேரம் துல்லியம். ஆனால் தைரிஸ்டருக்கு ஒரு குணம் உண்டு. திறந்துவிட்டால், அதன் வழியே ஓட்டம் இருக்கும்வரை அது தானாக மூடாது. தண்ணீர் ஓடும்வரை இறங்காத மதகுபோல. பழைய லைட் அடித்து முடித்ததும் தன் சின்னக் கெப்பாசிட்டரை மறுபடி நிரப்ப முயல்கிறது. அந்த நிரப்பு மின்சாரம் கேமராவின் திறந்த மதகு வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஒழுகுவதால் மதகு மூடவில்லை, மதகு மூடாததால் கெப்பாசிட்டர் நிரம்பவில்லை. அடுத்த கிளிக்கில் அடிக்க அங்கே ஒன்றும் இல்லை. வயரைப் பிடுங்கும்போது ஓட்டம் அறுபடுகிறது, மதகு மூடுகிறது, மறுபடி ஒருமுறை அடிக்கிறது. நண்பரின் புதிர் இதுதான். லைட்டை வடிவமைத்தவர் மனதில் இருந்தது உலோகத் தகடு. கேமராவை வடிவமைத்தவர் மனதில் இருந்தது, சிங்க் முனையில் வெறும் ஐந்தாறு வோல்ட் வைத்திருக்கும் புதுக் கால லைட்.

ஒருமுறை மட்டும் அடிப்பது தொல்லைதான், ஆனால் கேமராவுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பழைய லைட்டுகளிலும் பழைய கைஃபிளாஷ்களிலும் சிங்க் வயரின் நுனியிலேயே 100, 200, சிலவற்றில் 300 வோல்ட்வரை நிற்கும். விவிடார் 283 மாடலின் பழைய வகைகள் இந்த விஷயத்தில் பேர் போனவை. உலோகத் தகட்டுக்கு அது பெரிய பொருட்டல்ல. செமிகண்டக்டருக்கு அப்படியில்லை. 1992-இல் வந்த ஐஎஸ்ஓ 10330 என்ற சர்வதேசத் தரம் கேமராவின் சிங்க் சுற்று 24 வோல்ட் தாங்க வேண்டும் என்று பேசுகிறது. கேனான் தன் பல எஸ்எல்ஆர் கேமராக்களின் கையேட்டில், 250 வோல்ட் அல்லது அதற்குமேல் கேட்கும் ஃபிளாஷை பிசி சாக்கெட்டில் இணைக்காதே என்று அச்சிட்டிருக்கிறது. 250 வரை ஒரு கேமரா தாங்கும் என்பதால் எல்லாக் கேமராவும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வயரைச் செருகும்முன் கையேட்டைத் திறந்து அந்த ஒரு வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாத கேமராவில் 6 வோல்ட்டுக்குமேல் உள்ள எதையும் நான் செருக மாட்டேன்.

அளப்பது எளிது. லைட்டைப் போட்டு, ரெடி விளக்கு எரியும்வரை காத்திருந்து, டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிங்க் பிளக்கின் நடு முனையிலும் வெளி உலோகத்திலும் வைக்க வேண்டும். ஊசி காட்டும் பழைய மீட்டர் வேண்டாம். அது தானே மின்சாரத்தை இழுத்து, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். 'குறைவுதானே' என்று நம்பிச் செருகியவர்கள் இருக்கிறார்கள். அளக்கும்போது நுனியைக் கையால் தொடாதீர்கள். லைட்டின் மூடியை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரத்தை வைத்திருக்கும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, அது அப்படித்தான்.

மீட்டரில் மைனஸ் குறி வந்தால் அதுவும் ஒரு தகவல். நடு முனை பிளஸாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். உலோகத் தகட்டுக்கு எந்தப் பக்கம் பிளஸ் என்பது கவலையில்லை. தைரிஸ்டர் ஒரு திசையில் மட்டுமே கடத்தும். எலக்ட்ரீஷியன் யாரோ பழைய வயரை வெட்டி ஒட்டியபோது கம்பி மாறியிருந்தால், அந்த வயர் பிலிம் கேமராவில் பல வருடம் வேலை செய்துவிட்டு டிஜிட்டலில் முதல் நாளே அடிக்காது. வீட்டு பிளக்போல இரண்டு தட்டை முனை கொண்ட சிங்க் பிளக்கைப் பயன்படுத்தும் பழைய லைட்டுகளில் இந்தக் கேள்விக்கு விடை ஒரு நொடியில் கிடைக்கும்: பிளக்கைத் திருப்பிச் செருகிப் பார்த்தால் போதும்.

இனி வயர் இல்லாத காலத்துக்கு வருவோம். இப்போது பெரும்பாலோர், கேமராவில் மாட்டிய டிரிகரிலிருந்து லைட்டில் உள்ள ரிசீவருக்கு ரேடியோ அலையில் சிக்னல் அனுப்பும் ரேடியோ டிரிகர்தான் வைத்திருக்கிறார்கள். அடிக்காதபோது நாம் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆட்டிப் பார்ப்பது. சேனலை மாற்றி, பேட்டரியை மாற்றி, கேமரா மெனுவையும் மாற்றி, கடைசியில் அடித்துவிட்டால் எது சரி செய்தது என்று தெரியாது. மறுநாள் மண்டபத்தில் அதே சிக்கல் திரும்பி வரும். லைட் முனையிலிருந்து கேமராவை நோக்கி ஒவ்வொரு கண்ணியாக நடந்து வாருங்கள். லைட்டின் பின்னால் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அடிக்கிறதா? இல்லையென்றால் கேமராவைத் தொடவே வேண்டாம். சிக்கல் லைட்டில், அல்லது உங்கள் கரண்டில். அடித்தால், அடுத்து கேமராவில் மாட்டாமல் கையில் வைத்தபடி டிரிகரின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அடித்தால் ரேடியோவும் ரிசீவரும் அதற்கப்பால் உள்ளதும் சரி. அப்புறம்தான் கேமராவில் மாட்டிக் கிளிக் செய்வது. எந்தப் படியில் நின்றதோ அதற்கும் முந்தையதற்கும் நடுவில்தான் குறை. இரண்டு நிமிட வேலை.

டிரிகர் படியில் நின்றால் முதல் சந்தேகம் பேட்டரிமேல். விலை குறைந்த டிரிகர் பலவற்றில் காலிங் பெல் ரிமோட்டில் போடும் 12 வோல்ட் 23ஏ பேட்டரிதான் இருக்கும். அது சோர்ந்த பின்னும் சின்ன விளக்கு எரியும், சிக்னல் மட்டும் போகாது. விளக்கு எரிவதை நம்பி அரைநாள் தேடியவர்கள் உண்டு. அடுத்தது சேனல். கல்யாண மண்டபத்தில் மணமகன் வீட்டார் ஒரு போட்டோகிராபர், மணமகள் வீட்டார் இன்னொருவர், இருவர் கையிலும் ஒரே டிரிகர், இருவரும் கடையில் வாங்கியபடியே முதல் சேனல். அவர் கிளிக் செய்தால் இவர் லைட் அடிக்கும். இவர் கிளிக் செய்யும்போது லைட் இன்னும் நிரம்பியிருக்காது. 'சில நேரம் அடிக்கிறது, சில நேரம் இல்லை' என்ற புகாரில் பாதி இதுதான் என்பது என் அனுபவம். இன்னொன்று பலருக்குத் தெரியாதது: டிரிகர் லைட்டுக்கு மிக அருகில் இருந்தாலும் சிக்னல் தவறலாம். கோடாக்ஸின் எக்ஸ்புரோ டிரிகரில் 1–100 மீட்டர், 0–30 மீட்டர் என்று தூரத்துக்கு இரண்டு அமைப்பு இருப்பது அதற்காகத்தான். சின்ன அறையில் பாஸ்போர்ட் படம் எடுப்பவர்கள் 0–30 வைக்க வேண்டும்.

கேமராவில் மாட்டும்போது மட்டும் அடிக்கவில்லையா? இங்கேதான் விஷயம் கனமாகிறது. ஹாட் ஷூவின் நடுவில் உள்ள பெரிய வட்டப் புள்ளிதான் சிங்க் முனை. இரு பக்க உலோகத் தண்டவாளம் மற்றொரு முனை. மற்ற சின்னப் புள்ளிகள் அந்தந்தக் கம்பெனியின் சொந்த மொழி பேசுபவை. உப்புக் காற்று வீசும் ஊர்களில் நடுப்புள்ளியில் மங்கலான படலம் படியும். பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தாலே பல நேரம் உயிர் வரும். டிரிகர் கடைசிவரை உள்ளே தள்ளப்படாமல் பாதியில் நிற்பதும் அடிக்கடி நடக்கும்.

ஆனால் அந்த நடுப்புள்ளியே இல்லாத கேமராக்களும் உண்டு. கேனான் தன் தொடக்க நிலைக் கேமராக்களில் சிலவற்றில் அதை எடுத்துவிட்டது. நம் ஊரில் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அதிகம் வாங்கிய 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவை அந்த வகை. ஒற்றைப் புள்ளி வைத்த சாதாரண டிரிகரை அதில் மாட்டினால் ஆயுளுக்கும் அடிக்காது. கேமராவும் கெடவில்லை, டிரிகரும் கெடவில்லை. தொட வேண்டிய இடமே அங்கே இல்லை. கேனானின் சின்னப் புள்ளிகள் வழியே பேசத் தெரிந்த, அந்தக் கேமராவை ஆதரிப்பதாகச் சொல்லும் டிரிகர்தான் வேண்டும். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். ஹாட் ஷூ என்பது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த கடைசி சில விஷயங்களில் ஒன்று. மிகக் குறைந்த பணத்தோடு தொழிலுக்கு வருபவன் வாங்கும் கேமராவிலிருந்து அதை எடுத்தது நியாயமில்லை. வாங்கும்முன் ஷூவுக்குள் எட்டிப் பாருங்கள். நடுவில் வட்டம் இருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். 2012-க்கு முந்தைய சோனி ஆல்ஃபா கேமராக்களிலும் மினோல்டா வழிவந்த வேறு வடிவ ஷூ இருந்ததால் அடாப்டர் இல்லாமல் எதுவும் உட்காராது.

புள்ளியும் இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது, அப்படியும் அடிக்கவில்லை என்றால், அடிக்க வேண்டாம் என்று கேமராவே முடிவு செய்திருக்கலாம். உலோகத் தகட்டுக்கு முடிவெடுக்கத் தெரியாது; இன்றைய சுவிட்சின் பின்னால் ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டுவிட்டால் பெரும்பாலான மாடல்களில் ஃபிளாஷ் அடிக்காது. சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுவதால், எல்லா வரியும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் கணம் கிடைப்பது கடினம்; எனவே கேமரா சிக்னலையே நிறுத்திவிடுகிறது. கோயிலில் அமைதியாக எடுக்க முந்தின நாள் போட்ட சைலண்ட் மோடு, மறுநாள் ஸ்டுடியோவில் அரைமணி நேரத்தைத் தின்றுவிடும். கேனான் எஸ்எல்ஆர்களில் லைவ் வியூவுக்கென்றே சைலண்ட் ஷூட்டிங் என்று ஓர் அமைப்பு உண்டு. கேனான் அல்லாத ஃபிளாஷ் என்றால் அதை அணைத்து வைக்கச் சொல்கிறது கையேடு. கண்ணை வைத்துப் பார்த்து எடுத்தால் அடிக்கிறது, திரையில் பார்த்து எடுத்தால் அடிக்கவில்லை என்றால் இதைத்தான் பாருங்கள். மெனுவில் ஃபிளாஷ் ஃபைரிங் 'டிஸேபிள்' ஆகியிருப்பது, எச்டிஆர் போன்ற கலவை மோடுகள், இவையும் உண்டு.

அடுத்து, அடிக்கிறது ஆனால் படத்தில் பாதி கறுப்பு. இது டிரிகர் கெட்டதல்ல, நேரம் தவறியது. கேமரா ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை திறந்து ஓடும், இரண்டாவது துரத்திக்கொண்டு மூடும். குறிப்பிட்ட வேகம்வரைதான் இரண்டுக்கும் நடுவே முழுப் படச் சட்டமும் திறந்திருக்கும். அதற்குமேல் இரண்டு திரைகளும் ஒரு கீற்று இடைவெளியோடு சேர்ந்தே ஓடும். பென்டாக்ஸ் கே1000-இல் அந்த எல்லை 1/60. கேனான் 5டி மார்க் 3-இல் 1/200. நிகான் டி850-இல் 1/250. கம்பெனியின் சொந்த ஃபிளாஷை மாட்டினால், அதிவேக சிங்க் அமைப்பு போடாதவரை, கேமரா இந்த எல்லையைத் தாண்ட விடாது. ஆனால் ஒற்றைப் புள்ளி டிரிகரை மாட்டினால் தலையில் ஏதோ உட்கார்ந்திருப்பதே அதற்குத் தெரியாது. 1/1000 கேட்டால் 1/1000 கொடுக்கும். படத்தில் ஒரு கீற்று வெளிச்சம் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது.

1/200 எல்லை உள்ள கேமராவில் 1/200 வைத்தும் படத்தின் அடியில் கறுப்புப் பட்டை வருகிறதென்றால், ரேடியோ எடுத்துக்கொண்ட நேரம் காரணம். 1/200 என்பது 5 மில்லிசெகண்ட். அதில் பெரும்பகுதி திரைகள் ஓடுவதிலேயே போய்விடும். சட்டம் முழுதாகத் திறந்திருப்பது மிகக் கொஞ்ச நேரம். மலிவு டிரிகர் அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிட்டால், லைட் அடிக்கும்போது இரண்டாவது திரை ஏற்கெனவே கிளம்பியிருக்கும். பெரிய ஸ்டுடியோ லைட் முழு பவரில் மெதுவாக எரிந்து அணைவதும் இதோடு சேர்ந்துகொள்ளும். 1/160 அல்லது 1/125-க்கு இறங்கினால் பட்டை மறையும். ஸ்டுடியோவில் அதனால் நஷ்டம் ஏதும் இல்லை. அங்கே அசைவை உறைய வைப்பது ஃபிளாஷின் வேகம்தான், ஷட்டரின் வேகம் அல்ல.

இந்த நேரச் சிக்கல் டிஜிட்டலோடு வந்ததல்ல. பழைய இரட்டை லென்ஸ் கேமராக்களில் எக்ஸ், எம் என்று ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். பல்பு ஃபிளாஷ் பற்றிக்கொண்டு உச்சத்துக்கு வர 20 மில்லிசெகண்டுக்கு நெருக்கமாக ஆகும் என்பதால், எம்-இல் வைத்தால் ஷட்டர் திறக்கும்முன்பே சிக்னல் போய்விடும். தெரியாமல் எம்-இல் விட்டு எலக்ட்ரானிக் ஃபிளாஷ் அடித்தவர்களுக்கு, கழுவிப் பார்த்தால் ரோல் முழுக்க வெறுமை. இந்தத் திரைகளின் கட்டுப்பாட்டையே தாண்டிய ஒரு கேமரா 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. சோனி ஏ9 மார்க் 3-இன் சென்சார் எல்லா வரியையும் ஒரே கணத்தில் படிப்பதால் 1/80000 வரை ஃபிளாஷ் சிங்க் ஆகிறது. அந்த விலைக்கு ஒரு சிறு ஸ்டுடியோவையே அமைத்துவிடலாம் என்பது வேறு.

ரேடியோ இல்லாமல், வேறொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டதும் லைட்டை அடிக்க வைக்கும் ஸ்லேவ் கண்ணை நம்பி வேலை செய்பவர்கள் சந்திக்கும் சிக்கல் இதற்குத் தலைகீழ். லைட் கண்ணெதிரே அடிக்கிறது, படத்தில் மட்டும் இல்லை. கேமராவின் சொந்த ஃபிளாஷ் டிடிஎல் என்ற தானியங்கி முறையில், வெளிச்சத்தை அளக்க முன்கூட்டியே ஒரு சின்ன அடி அடிக்கிறது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஸ்லேவ் முதல் அடிக்கே தன் முழுச் சரக்கையும் கொட்டிவிட்டு, உண்மையான படத்தின்போது வெறும் கையோடு நிற்கும். சொந்த ஃபிளாஷை மேனுவலில் வைத்து மிகக் குறைந்த பவருக்கு இறக்கினால் முன்னடி நின்றுவிடும். ரெட் ஐ ரிடக்ஷனையும் அணைத்துவிட வேண்டும். லைட்டில் எஸ்1, எஸ்2 என்று இருந்தால் எஸ்2 முன்னடியைத் தாண்டிக் காத்திருக்கும். மண்டபத்தில் ஸ்லேவ் போடவே வேண்டாம். விருந்தாளி யார் கேமராவில் ஃபிளாஷ் அடித்தாலும் உங்கள் லைட் பதில் சொல்லும்.

மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் பலர் லைட் கெட்டுவிட்டதாக நினைப்பது வேறு ஒன்றால்: எஃப்8, 1/125, ஐஎஸ்ஓ 100 வைத்தவுடன் வியூஃபைண்டர் இருண்டுவிடுகிறது. ஃபிளாஷ் வரப்போவது கேமராவுக்குத் தெரியாமல், அறை வெளிச்சத்தை மட்டும் வைத்து முடிவை முன்னதாகவே காட்டுகிறது. கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷன், சோனியில் செட்டிங் எஃபெக்ட் என்று இருக்கும், அணைத்தால் தெளிந்துவிடும்.

நண்பரின் பழைய லைட்டுகளுக்கு வருகிறேன். மீட்டர் வைத்துப் பார்த்தபோது சிங்க் நுனியில் 180 வோல்ட்டுக்குமேல் நின்றது. கேமரா தப்பியது அதிர்ஷ்டம். லைட்டைத் தூக்கிப் போட மனமில்லை, அவசியமும் இல்லை. கேமராவுக்கும் லைட்டுக்கும் நடுவே ரேடியோ வந்துவிட்டால் அந்த வோல்ட் கேமராவை எட்டவே எட்டாது, ரிசீவரோடு நின்றுவிடும். ஆனால் ரிசீவருக்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு, மலிவானவற்றில் அது மிகக் குறைவு, அதற்குள்ளும் இதே தைரிஸ்டர் இருக்கலாம். பெட்டியில் 300 வோல்ட்வரை என்று தெளிவாகப் போட்ட ரிசீவர் ஒன்றைத் தேடி வாங்கினோம். ஒரு லைட் அதில் ஓடுகிறது. இன்னொன்று தன்னுள்ளேயே இருக்கும் ஸ்லேவ் கண்ணால் முதல் லைட்டைப் பார்த்து அடிக்கிறது. அதற்கு வயரே தேவைப்படவில்லை. பழைய சிங்க் வயரைச் சுருட்டிப் பிலிம் கேமராவோடு சேர்த்து அலமாரியில் வைத்துவிட்டார். அந்த ஜோடி இன்றும் ஒழுங்காக வேலை செய்கிறது.